நவீனின் படம் போட்ட எண்

1

“நம் மாவட்டத்தில் மனநல நெருக்கடிக்கு உள்ளாகும் சிறுவர்களுக்கும் இளையோருக்கும் இரவு நேரத்தில் உதவ ஓர் அமைப்பை அமர்த்த இருக்கிறோம். விண்ணப்பித்துள்ள அமைப்புகளை நேர்காணும் குழுவில் ஒரு பெற்றோராக உங்கள் குரலும் ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.”

நான் குடியிருக்கும் இங்கிலாந்து மாவட்டத்தின் உள்ளாட்சி அலுவலகம் எனக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாவது பத்தி இது. கடிதத்தில் போட்டிருந்த தேதி பிப்ரவரி மாதத்து இரண்டாவது செவ்வாய். என் வீட்டுக் கதவிடுக்கில் விழுந்தது அதற்கடுத்த திங்கள். வந்த நாளை உறையின் மேல் பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். பிற்காலத்தில் யாராவது மறுத்தால் காட்டலாம். இதுவரை யாரும் மறுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை.

முதலில் எழுந்தது சந்தேகம்தான். ஏன் நான்? என் மகன் நவீன் பள்ளிப்படிப்பை முடித்து வேறு ஊரில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். பள்ளியின் பழைய பெற்றோர் பட்டியலிலிருந்து என் பெயரைப் பொறுக்கியிருக்க வேண்டும். தமிழ்ப் பெயர் ஒன்று குழுவில் இருந்தால் அறிக்கையில் எழுத நன்றாக இருக்கும். பத்தொன்பது ஆண்டு இங்கே இருந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன்: என் குரலைக் கேட்க விரும்பியவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு கீரனூருக்குப் பேசும்போது அக்காவிடமும் மச்சானிடமும் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இப்படி ஓர் அமைப்பைத் தேர்ந்து வேலைக்கு அமர்த்துவதற்கு இங்கே ‘கமிஷனிங்’ என்று பெயர். அதைப் பார்ப்பவர் கமிஷனிங் மேனேஜர்.

“கமிஷன் வாங்குறதுக்குன்னே மேனேஜர் போட்டிருக்கானா மாப்ளே?” என்றார் மச்சான். “நம்மூர்ல அத வேலை நேரத்துக்கு நடுவுல பாத்துக்குறாங்க.”

அக்கா சிரிக்கவில்லை. “புள்ளைகளுக்கு ராத்திரில என்னடா நெருக்கடி? சாப்பிட்டுப் படுத்தாத் தூங்கிட்டுப் போவுதுக” என்றாள்.

அக்காவின் மகள் தர்ஷினி அந்த வீட்டில், அவர்கள் உட்கார்ந்து பேசிய கூடத்துக்கு அடுத்த அறையில், அப்படி ஓர் இரவைத்தான் தினமும் கழித்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

2

பொங்கல் முடிந்த வாரம் அது தொடங்கியது. தர்ஷினி நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ் ஏறிப் பயிற்சி வகுப்புக்குப் போய்வருவாள். நான் புதுக்கோட்டையில் வேதியியல் படித்தவன். இங்கே தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. “மாமா, கெமிஸ்ட்ரில ஒரு டவுட்” என்று கூப்பிட்டாள். எங்களுக்கு அப்போது இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம். அவளுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். இவ்வளவு நேரம் படிக்கிறாளே என்று பெருமைப்பட்டேன்.

வேதிச் சமநிலை, அமில காரங்கள் என்று இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் கேள்வியே வரவில்லை.

“டவுட் ஒண்ணும் இல்ல மாமா. சும்மா லைன்ல இருங்க.”

“நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேம்மா.”

“கழுவுங்க. அந்தச் சத்தம் கேட்டாப் போதும்.”

அதற்குப் பிறகுதான் துண்டு துண்டாக வந்தது. புத்தகத்தில் எழுத்து பூச்சி மாதிரி ஊர்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் திருச்சியிலிருந்து திரும்பும்போது கீரனூரில் இறங்க எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டாள். கண்டக்டர் சத்தம் போட்டு, கீரனூர் தாண்டி நார்த்தாமலையில் இறக்கிவிட்டார். இருட்டும்வரை அந்த பஸ் ஸ்டாப்பில் இருந்தாள். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டாள்.

செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டேன். கேட்கலாமா, கூடாதா என்று அப்போது எனக்குத் தெரியாது.

“அப்படி இல்ல மாமா. இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க. அத்தைகிட்டயும்” என்றாள். அத்தை என்றால் என் மனைவி சுமதி. அவளோ நான் ஒவ்வொரு மாலையும் போனை எடுத்துக்கொண்டு தோட்டக் கொட்டகைக்குள் போவதைக் கவனிக்கத் தொடங்கியிருந்தாள்.

“அந்த ஷெட்டுக்குள்ள அப்படி என்ன கெமிஸ்ட்ரி? வீட்டுக்குள்ள ஓட மாட்டேங்குதா அது?”

3

மார்ச் மாதம் அக்காவின் பேச்சில் ஒரு குழைவு வந்தது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். என்னிடம் அதட்டித்தான் பேசுவாள். குழைந்தாள் என்றால் ஏதோ இருக்கிறது.

“ஏண்டா தம்பி, நவீனுக்கு என்ன நட்சத்திரம்?”

“அனுஷம். எதுக்கு?”

“சும்மாத்தான். பொறந்த நேரம் குறிச்சு வச்சிருப்பியே நீ. அனுப்பி விடு.”

நான் தேதியும் நேரமும் குறித்து வைப்பவன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் கேலி. அதைக் கேலி செய்யாமல் பயன்படுத்த முதன்முதலாக ஒருவர் வந்தபோது நான் மகிழவில்லை. எதற்கு என்று மறுபடி கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் நவீன் கூப்பிட்டான். அவன் தானாகக் கூப்பிடுவது அபூர்வம்.

“அப்பா, அத்தை எனக்கு டெய்லி குட் மார்னிங் அனுப்புறாங்க. ரோஜாப்பூ போட்டு.”

“பாசம்டா.”

“என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடுறாங்க. மாப்பிள்ளைன்னா பிரைட்குரூம்தானே?”

“ஆமா.”

“யாருக்கு?”

மாமன் மகன் என்றால் முறைப்பையன் என்றும், முறைப்பையன் என்றால் இன்னது என்றும் அவனுக்கு விளக்கினேன். என் மகனுக்குத் தமிழ் புரியும். தமிழ் உறவுமுறை புரியாது. அவன் கேட்டுவிட்டு, “இது லீகலா?” என்றான். அதற்கும் விளக்கம் சொன்னேன். கடைசியில், “நான் அவகூடப் பேசியே மூணு வருஷம் இருக்கும்பா” என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தர்ஷினியோடு பேசும் போன் நவீனின் பழைய போன்; ஞாயிறுதோறும் அக்காவோடு பேசுவது சுமதியின் போனில். அவன் புதிய போனும் புதிய எண்ணும் வாங்கியபோது பழையதை எண்ணோடு நான் எடுத்துக்கொண்டேன்; அக்காவோ இரண்டு எண்ணும் அவனிடமே இருப்பதாக நினைத்திருப்பாள். அதில் இருந்த அவன் படத்தை மாற்ற எனக்குத் தெரியவில்லை. தர்ஷினி கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவள் போனில் கால்பந்துச் சட்டை போட்ட நவீனின் முகமும் பெயரும்தான் தெரிந்திருக்கும். அக்கா ஒருநாள் மகளின் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். நடு இரவில், நாள் தவறாமல், நீண்ட நேரம், தம்பி மகனோடு பேச்சு.

வேறு பையனாக இருந்தால் அந்த போன் அன்றைக்கே சுவரில் மோதியிருக்கும். முறைப்பையன் என்பதால் ஜாதகம் கேட்டாள்.

4

மறுநாள் மாலை தர்ஷினியிடம் இதைச் சொன்னேன். பயந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியும் மாமா” என்றாள். “அம்மா சுத்திச் சுத்திக் கேட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல.”

“ஏம்மா?”

“அப்படியே நெனச்சுக்கட்டும். அதுக்காவது ஒரு பேரு இருக்கு. லவ்வுன்னா திட்டுவாங்க, அப்பறம் சரியாப் போயிடும். இது என்னன்னு சொல்றது? லூசுன்னுதான் சொல்லுவாங்க.”

அவள் பயந்தது வீணாக இல்லை. நான் கீரனூரில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவில் ஒரு பெண் சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வீட்டார் அவளை ஒரு கோயிலுக்கு அழைத்துப்போய், வெள்ளிக்கிழமை தோறும் ராத் தங்க வைத்தார்கள். மனம் பேதலித்தவர்களை இரவில் சந்நிதியில் படுக்க வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பெண் சில மாதங்களில் தேறிவிட்டாள். ஆனால் தெருவில் அவளுக்கு நிலைத்த பெயர் ‘ராத்தங்குன பொண்ணு’. பெண் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் அவள் பெயருக்கு முன்பே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது.

உள்ளாட்சி அலுவலகம் எனக்கு அனுப்பிய தாள்களில் தமிழில் ஒரு துண்டறிக்கையும் இருந்தது. எந்த இயந்திரம் பெயர்த்ததோ, ‘உங்கள் பிள்ளை எங்களிடம் இராத்தங்கலாம்’ என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்துக்காரர்கள் யாராவது அதைப் படித்தால் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். திருத்தி அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. அச்சில் மாற்றம் வந்ததா என்று தெரியாது.

மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். வழக்கமான நேரத்துக்கு தர்ஷினியின் அழைப்பு வரவில்லை. கடிகாரம் மாறியது எனக்குத் தெரியும், நான்தான் வீட்டுக் கடிகாரங்களை மாற்றினேன். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் நான் கொட்டகைக்குள் போனைப் பார்த்தபடி நின்றேன். அவள் தன் ஊர் நேரப்படி எப்போதும் போலத்தான் கூப்பிட்டாள். நான் இல்லாத மாலை ஒன்று வந்தால், இந்த போன் சார்ஜ் இறங்கிப்போனால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக முழுதாக யோசித்தேன்.

5

நேர்காணல் ஏப்ரலில் நடந்தது. குழுவில் ஓர் அதிகாரி, குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் ஒருவர், சிறுவயதில் இத்தகைய உதவியால் மீண்ட ஓர் இளம்பெண், பிறகு நான். மூன்று அமைப்புகள் வந்தன. மூன்றும் திரையில் சிரிக்கும் குழந்தைகளின் படம் போட்டன.

முதல் அமைப்பு, இரவு முழுவதும் பணியாளர் இருப்பார் என்றது. ‘இருப்பார்’ என்ற சொல் எனக்கு உறுத்தியது. கீரனூரில் மச்சானின் உரக்கடைக்கு எதிரே உள்ள ரைஸ்மில்லிலும் இரவு முழுவதும் வாட்ச்மேன் இருப்பார். “விழித்திருப்பாரா, தூங்கிக்கொண்டிருப்பாரா?” என்று கேட்டேன். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் இரண்டு வகை இரவு உண்டாம்: விழித்திருக்கும் இரவு, படுத்திருந்து கூப்பிட்டால் எழும் இரவு. அவர்கள் எழுதியிருந்தது இரண்டாவது வகை. மருத்துவர் தன் தாளில் எதையோ அடித்து எழுதினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

மூவரிடமும் நான் இன்னொரு கேள்வி கேட்டேன். ஒரு பெண்பிள்ளை இரவில் பேசுகிறாள், வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்கிறாள், வீட்டார் அதை வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்? கொள்கைப்படி நடப்போம் என்றார்கள். மூன்று அமைப்புக்கும் ஒரே கொள்கை, ஒரே வாக்கியம்.

தேநீர் இடைவேளையில் அந்த இளம்பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். நீங்கள் கேட்டது கற்பனைக் கேள்வி இல்லைதானே என்றாள். எனக்கு அவள்மீதும் சந்தேகம் வந்தது. இதை அதிகாரியிடம் போய்ச் சொல்வாளோ? ஆனாலும் தலையசைத்தேன். தான் சின்னவளாக இருந்தபோது ஒருவர் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அம்மாவிடம் சொன்னார், அதிலிருந்து ஓராண்டு யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றாள். அடுத்து உதவ வந்தவர் தொடக்கத்திலேயே, ‘இதை என்னால் மறைக்க முடியாது, ஒருவரிடம் சொல்லத்தான் போகிறேன், யாரிடம் என்று நீ தேர்ந்தெடு’ என்றாராம்.

“யாரைத் தேர்ந்தெடுத்தாய்?”

“என் அம்மாவின் காதலரை” என்றாள். “அவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் அழமாட்டார் என்று தெரியும்.”

6

அன்று மாலையே தர்ஷினியிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேன்: மறைக்க முடியாது, யாரிடம் சொல்வது என்று நீ தேர்ந்தெடு. திட்டினாள். வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

“அம்மாகிட்ட வேணாம். தெருவுக்கே தெரிஞ்சிரும்.”

“சரி.”

“அப்பாகிட்ட சொல்லுங்க.”

மச்சானுக்கும் அவளுக்கும் அதிகப் பேச்சு கிடையாது. அவர் கீரனூரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் செய்தி பார்ப்பார், சாப்பிடுவார். அவரையா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை, அங்கே மதியம், கடைக்குக் கூப்பிட்டேன்.

“சொல்லு மாப்ளே. ஒங்க அக்கா சொன்னா. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா புள்ள டாக்டருக்குப் படிச்சு முடிக்கட்டும்.”

“அது இல்ல மச்சான். பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

“கடைப்பையன் இருக்கான். இரு, இங்கிட்டு வெளிய வாரேன். ம்.”

“கடைச் சாவி ராத்திரி எங்க இருக்கும்?”

“சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணில. எதுக்கு?”

“இன்னைலேர்ந்து ஒங்க இடுப்புல இருக்கட்டும்.”

“லண்டன்ல உக்காந்துக்கிட்டு எங் கடைக்குத் திருடன் வர்றது ஒனக்குத் தெரியுதா?”

“தர்ஷினிக்காகச் சொல்றேன் மச்சான்.”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நார்த்தாமலை பஸ் ஸ்டாப்பையும் சொன்னேன்.

“எவ்ளோ நாளா?”

“தை மாசத்துலேர்ந்து எனக்குத் தெரியும்.”

“அப்ப நவீன்?”

“நவீன் பேசவே இல்ல. அது எம் போனு.”

“யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு நீயா முடிவு பண்ணியா? இல்ல அவ சொல்லச் சொன்னாளா?” என்று கேட்டார்.

“அவதான் சொன்னா. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னா.”

“எங்கிட்டயா?” என்றார். பிறகு மறுபடி, வேறு குரலில், “எங்கிட்டயா மாப்ளே?”

7

அடுத்த செவ்வாய் அவர் மகளை புதுக்கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போய் மனநல மருத்துவரைப் பார்த்தார். திருச்சியில் பார்த்தால் கீரனூர்க்காரர்கள் யாராவது கண்ணில் படுவார்கள் என்றார். அக்காவிடம் கண் டாக்டர் என்று சொன்னார். அக்கா மாத்திரை அட்டையைப் படமெடுத்து, மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் உறவுக்காரருக்கு அனுப்பிக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததிலிருந்து அவள் வந்து சேர்ந்த முடிவு வேறு.

“ஒம் புள்ள வெள்ளக்காரியப் பாத்துக்கிட்டான்னா நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதானே? எம் பொண்ண மாத்திரை திங்க விட்டுட்டியேடா.”

நான் மறுக்க வாயெடுத்தபோது மச்சான் போனை வாங்கினார். தனியாகப் போய், “அவ அப்படியே நெனச்சுக்கட்டும் மாப்ளே. ஊர்ல கேட்டாச் சொல்லிக்க அது பரவால்ல” என்றார். மகள் சொன்னதையே அப்பாவும் சொன்னார். ஆனால் மகள் சொன்னபோது புரிந்த அது, அவர் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. நோய்க்குச் சூட்டிய பொய்ப் பெயர் நோயை எத்தனை காலம் மூடும், மருந்தை எப்போது நிறுத்தும் என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது. இதைச் சொன்னேன். “ஒங்கக்கா மாத்திரைய நிறுத்தமாட்டா. நான் கையில குடுக்குறேன்” என்றார். அதை நம்பத்தான் வேண்டும்.

நவீனிடம் நடந்ததைச் சொன்னேன். “அப்ப நான் அவளை டம்ப் பண்ணிட்டேனா?” என்றான். ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். சற்று யோசித்து, “சரி, இருக்கட்டும். அவ ஓகேவா?” என்றான். சுமதிக்கும் இப்போது எல்லாம் தெரியும். ஷெட்டுக்குள் நாற்காலி ஒன்று போட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னாள்.

உள்ளாட்சி அலுவலகம் ஓர் அமைப்பை அமர்த்திவிட்டதாக அறிவித்திருக்கிறது. எந்த வகை இரவுக்கு என்று அறிவிப்பில் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

தர்ஷினியின் அழைப்புகள் மே மாதத்தோடு நின்றுபோயின. தேர்வை எழுதவில்லை என்று மட்டும் தெரியும். இரவில் போனை அப்பா வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாக மச்சான் சொல்கிறார். எப்போது கேட்டாலும், “தூங்குறா மாப்ளே, நல்லாத் தூங்குறா.” பகலில் நான் கூப்பிட்டாலும் அதே பதில்தான். மருந்து தூங்க வைக்கும்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

சென்ற வெள்ளிக்கிழமை அவள் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: “மாமா நான் நல்லா இருக்கேன் கவலைப்படாதீங்க”. தமிழ் எழுத்தில். தர்ஷினி எனக்கு ஒருநாளும் தமிழ் எழுத்தில் அனுப்பியதில்லை. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள். போனைப் பார்த்துப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் வித்தையை மச்சான் இந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டார். அவர் எனக்கு அனுப்புவதெல்லாம் அப்படித்தான் வரும், காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இல்லாமல். உடனே கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது.

அவளே அப்பாவைப் பார்த்து அந்த வித்தையைக் கற்றிருக்கலாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அனுப்பியிருக்கலாம். செய்தி வந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். அதைச் சொன்னது யார் குரல் என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.